தட்டுவதற்கு ஆளில்லாத சுவர்

இந்த ஊரில் ஒரு வீட்டின் சுவர் இன்னொரு வீட்டின் சுவரைத் தொடுவதில்லை. படப்பைக்கு மேற்கே எங்களைக் குடியமர்த்திய இடத்தில் முப்பது வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆடு புகுந்து போகிற அளவுக்காவது இடைவெளி உண்டு. அதில் வேலிகாத்தான் முளைத்துக் கிடக்கிறது. வந்த புதிதில் எங்களுக்கு அதுவே பெருமை. நாலு பக்கமும் நம்முடைய சுவர் என்று இலங்கையில் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கு நானே கடிதம் எழுதினேன். இப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால் என் கை தானாகச் சுவரைத் தேடிப் போகிறது. உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் யாரும் இருமுவதில்லை, யாரும் அடுப்பை ஊதுவதில்லை. வெயிலின் சூடு மட்டும் சுவர் வழியாக வருகிறது.

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு லயம் என்று பெயர். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். அங்கேதான் என் அக்கா முத்தம்மா குறட்டை விட்டாள். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கட்டியவன் சீக்கிரம் செத்துப்போனதால் அவளுக்கும் பிள்ளை இல்லை. எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் என் பெயரைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தேத்தண்ணியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆக நாங்கள் இரண்டே பேர்.

அக்காவின் குறட்டை தகரத்தில் மழை விழும்போதும் கேட்கும். அது கேட்கிறவரை யாருக்கும் கவலை இல்லை. திடீரென்று நின்றுவிடும். அப்போதுதான் பன்னிரண்டு அறையும் காதைத் தீட்டிக்கொள்ளும். பக்கத்து அறை பாக்கியம் அகப்பைக் காம்பால் சுவரில் மூன்று தட்டு தட்டுவாள். அக்கா தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவள் மாதிரி 'ஹா' என்று மூச்சை இழுப்பாள். குறட்டை மறுபடி தொடங்கும், லயம் தூங்கும். விடிந்து தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பாக்கியம் கேட்பாள்: “ஏண்டி, ராத்திரி மூணு தடவை செத்துப் போனியே, எமன் வீட்டுல தேத்தண்ணி குடுத்தானா?” அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி சொல்வாள்: “குடுத்தான், சீனி போடல. அதான் திரும்பி வந்துட்டேன்.” அதை வியாதி என்று யாரும் நினைக்கவில்லை. பாக்கியம் தட்டுவாள், முத்தம்மா மூச்சு விடுவாள். சங்கு ஊதினால் வேலைக்குப் போகிற மாதிரி அதுவும் ஒன்று.

இரண்டு அரசாங்கமும் சேர்ந்து எங்களைப் பிரித்தபோது பாக்கியத்துக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இலங்கை, இந்தப் பக்கம் இந்தியா. புறப்படுகிற அன்று பாக்கியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அங்க பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லி வை தம்பி. சத்தம் நின்னா தட்டணும்னு சொல்லு. மறந்துராத.” நான் தலையாட்டினேன். மறக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய், எங்கள் அக்காவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருங்கள் என்று எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் போய்விட்டன.

எனக்கு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அக்காவுக்கு இங்கே வேலை இல்லை. நடவு நடத் தெரியாது, களை பறிக்கக் கூப்பிட மாட்டார்கள். ஐம்பது வயது தாண்டியும் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவள், இந்தத் தட்டை நிலத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தாள். உடம்பு ஊதியது, கழுத்து தடித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினாள். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி தூங்கிச் சரிந்தபோது ஒருத்தி, “இன்னாமா, காலையிலியே ஊத்திகினு வந்துட்டியா?” என்று கேட்டாளாம். ஒரு நாள் அடுப்பின் முன்னால் தூங்கிக் கையைச் சுட்டுக்கொண்டாள். நான் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் எழுந்து உலுக்குவேன். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் யார் உலுக்குவது? உலைக்கு முன்னால் நின்றுகொண்டு, மூச்சு இப்போது நின்றிருக்குமோ, இப்போது வந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

சுட்ட கைக்குக் கட்டுப் போட ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாற்காலியிலேயே அவள் தூங்கியதைப் பார்த்துவிட்டு அங்கே இருந்தவர்கள் மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மெட்ராஸ் டாக்டர் அவளை ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்தார். “தூக்கத்துல தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைச்சுக்குது. அதான் மூச்சு நின்னு நின்னு வருது” என்றார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பது ஒரு வழி என்றார். அக்கா உடனே, “அப்ப வெத்தலைச் சாறு எந்த வழியா வரும்?” என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். “இன்னொண்ணு, உடம்பு இளைக்கணும், தசை இறுகணும். சும்மா நடந்தா பத்தாது. பாரம் தூக்கணும், கொஞ்சம் கொஞ்சமா கூட்டிகிட்டே போகணும். சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். குறையலாம். ஆனா இந்த வயசுல இவங்க எங்க பாரம் தூக்கப் போறாங்க?” அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் அறுபது ராத்தல் சுமந்தவ, டாக்டரய்யா.” “ராத்தலா? அது எவ்வளவு?” என்று அவர் என்னைப் பார்த்தார். இருபத்தேழு கிலோ என்று எனக்குத் தெரியும், ஆனால் தரையைப் பார்த்தேன்.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவும் அவர் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் நாற்காலி இல்லாததால் கப்பலில் வந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுந்தாள். அந்தப் பெட்டிக்குள் அவளுடைய கொழுந்துக் கூடை இருந்தது. வீடு கட்டி மிஞ்சிய ஜல்லியைக் கொஞ்சம் அதில் போட்டு, கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டாள். சுமை வந்துவிட்டது, ஏறுவதற்கு மலை இல்லை. கண்ணுக்கு எட்டியவரை மேடு என்றால் ஏரிக்கரை ஒன்றுதான். அதில் ஏறி இறங்கினாள். நான் பின்னாலேயே போவேன்.

ஆனால் நிறுக்காத சுமை அவளுக்குச் சுமையே இல்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை கூடையைத் தராசில் மாட்டி, பெயரைச் சொல்லி, எடையை எல்லோருக்கும் கேட்கக் கூவுவார். அந்தக் கூவலுக்காகத்தான் பெண்கள் கடைசிக் கொழுந்தைக்கூட விடாமல் பறிப்பார்கள். சாலையோரம் விறகு நிறுத்து விற்கிற தொட்டியில் பெரிய தராசு இருந்தது. அங்கே போய்க் கூடையை வைத்தாள். தொட்டிக்கார மாணிக்கம், “இன்னாமா, ஜல்லியை நிறுத்து சிலோனுக்கு அனுப்பப் போறியா?” என்றார்.

“எவ்வளவுன்னு சத்தமா சொல்லுங்க.”

“ஆறு கிலோ கீது.”

“பேரச் சொல்லி, பெறவு எடையச் சொல்லுங்க.”

அவர் எழுந்து நின்றார். பிறகு சாலைக்கே கேட்கும்படி, “முத்தம்மா, ஆறு கிலோவோய்!” என்று கூவினார். அக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாணிக்கம் இல்லாத நாளில் நான்தான் கூவ வேண்டும். எனக்குச் சத்தம் எழும்பாது. “நீ சொன்னது எனக்கே கேக்கல. கூடையில கெடக்கிற கல்லுக்கு எப்படிடா கேக்கும்?” என்பாள்.

ஆறு எட்டானது, எட்டு பத்தானது. பனி விலகும்போது பதினைந்து கிலோவோடு கரை ஏறினாள். ரவிக்கை தொளதொளத்தது. பகலில் தூங்குவது நின்றது. ராத்திரி குறட்டை மெல்ல மெல்ல இறங்கி, சில நாள் இல்லாமலே போனது. சந்தோஷப்பட வேண்டியவன் நான் பயந்தேன். சத்தம் இல்லாவிட்டால் ஆபத்து என்றுதான் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். இது நல்ல அமைதியா, பழைய அமைதியா என்று பிரித்தறிய முடியவில்லை. எழுந்து போய் உலுக்குவேன். “செத்தா சொல்லிட்டுத்தாண்டா சாவேன், போய்ப் படு” என்று திட்டுவாள். அந்த நாலைந்து மாதம்தான் இந்த நாட்டில் நாங்கள் வாழ்ந்தது.

அப்போது சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரைக்குப் பக்கத்திலேயே சாலைக் காண்ட்ராக்டரின் ஜல்லி மலைபோல் குவிந்திருந்தது. ஒரு காலையில் அதன் காவல்காரர் அக்காவை வழிமறித்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “தினம் தினம் இத்தான் நடக்குதா? யார் வூட்டு ஜல்லிம்மா இது?” கூட்டம் சேர்ந்தது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவனும் அதில் இருந்தான். “ஏன்பா சிலோன்காரரே, கெயவியைத் தூக்க வுட்டு நீ கை வீசிகினு வர்றியே, வெக்கமா இல்ல?” என்றான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ சொல்லு என்கிற பார்வை. இது எங்கள் வீட்டு ஜல்லி. இவளுக்கு மூச்சு நிற்கிற வியாதி. டாக்டர் பாரம் தூக்கச் சொன்னார். மாணிக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். நாலே வாக்கியம். நாலும் எனக்குள் வரிசையாக நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. கையைக் கூப்பி நான் சொன்னது வேறு. “இனிமே வரமாட்டாங்க.”

அக்கா கயிற்றை நெற்றியிலிருந்து கழற்றினாள். கூடையை அங்கேயே கரைமேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். தோட்டத்தில் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்த வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லி, நாளையிலிருந்து வராதே என்பார்கள். பேர் வெட்டுவது என்று அதற்குச் சொல்வோம். வீட்டுக்கு வந்தபிறகு அவள் ஒரே ஒரு முறைதான் அதைப் பேசினாள். “தோட்டத்துல எவனும் என் பேரை வெட்டினதில்ல தம்பி.” மறுநாள் நான் போய்க் கூடையை எடுத்துவந்தேன். மாணிக்கம் விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்து, “நான் பேசிக்கிறேன், நீ வாம்மா” என்று கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுவதையும் விட்டுவிட்டாள். உட்காருகிறாள், அவ்வளவுதான்.

மழைக்காலம் வருவதற்குள் எல்லாம் திரும்பிவிட்டது. உடம்பும், பகல் தூக்கமும், குறட்டையும், அது நிற்பதும். இப்போது முன்னைவிட நேரம் நிற்கிறது. பகல் ஷிப்ட் மட்டும் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. “அக்கா தூங்குறாங்கன்னு பகல் ஷிப்ட்டா? எங்க வூட்லகூட எல்லாரும் தூங்கத்தான்யா செய்றாங்க” என்றார். பாக்கியம் சொல்லியனுப்பியதைப் பத்து வருடம் கழித்துப் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியிடம் சொன்னேன். நல்ல பெண். ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன் என்றாள். “ஆனா எங்களுக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுண்ணே. நடுவுல அவ்ளோ எடம் கீதே” என்றாள்.

இலங்கையில் அடிதடியும் தீவைப்பும் என்று கேள்விப்பட்டதிலிருந்து பாக்கியத்தின் கடிதம் வரவில்லை. பல மாதம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. யாரையோ கொண்டு எழுதியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உரக்கப் படித்தேன். “முத்தம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உங்கள் அறைக்கு மறுபடியும் வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், குறட்டை விடுவதில்லை. சத்தம் கேட்காமல் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கை தானாகத் தட்டிவிடுகிறது. காலையில் அவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இத்தனை வருடப் பழக்கத்தை நான் என்ன செய்ய?”

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தூங்கியிருந்தாள். குறட்டை ஏறி ஏறி வந்து, நின்றது. கடிதம் என் கையில் இருந்தது. அவள் மார்பு அசையவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. ஏனென்று தெரியாது, தோளைத் தொடப் போன கை சுவருக்குப் போனது. அவள் தலைக்குப் பக்கத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினேன்.

‘ஹா’ என்று மூச்சை இழுத்தாள். கண்ணைத் திறக்கவில்லை. “பாக்கியம் தட்டுறா. முழிச்சிட்டேன்னு சொல்லு தம்பி.”

சுவரைப் பார்த்து, “முழிச்சிட்டா” என்றேன்.

“கேக்காதுடா. சத்தமாச் சொல்லு.”

“பாக்கியக்கா, முத்தம்மா முழிச்சிட்டா!” என்று தொண்டை கிழியக் கூவினேன். சுவருக்கு அந்தப் பக்கம், வேலிகாத்தானில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று மிரண்டு ஓடியது.