இடது கை வைத்தால் வலது கை கேட்காது

தொலைபேசி இணைப்பகத்தில் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். பழுதைக் கண்டுபிடிக்க ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். இதை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

அங்கே ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். மூன்று வாரமாக, இடது கையால் கனமான சுரத்தை அழுத்தினால் வலது கை வாசிப்பது அமுங்கிப்போனது. கையை எடுத்தால் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தது. பாடகர்கள் சுருதி கேட்காமல் தடுமாறினார்கள். பங்குப் பேரவை கூடித் தீர்ப்பளித்தது: பழைய பெட்டி, இந்த ஞாயிறும் இப்படியே இருந்தால் இனி பென்டிரைவ் இசைதான். தீர்ப்பளித்தவர்களில் ஒருவரும் கீபோர்டின் பக்கம் வந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை போனேன். ஹெட்போனில் கேட்டேன், சுத்தமாக இருந்தது. உரத்த ஒலியை அமுக்கி மட்டமாக்கும் கம்ப்ரஸர் கீபோர்டுக்குள்ளேயே உண்டு; மெனுவில் பார்த்தேன், அணைந்திருந்தது. வயரை மாற்றினேன். ஒலிபெருக்கியில் அதே மூச்சு வாங்கல். ஆக, கோளாறு கீபோர்டுக்கு வெளியே.

மைக், கீபோர்டு எல்லா ஒலியையும் சேர்த்து அனுப்பும் மிக்சருக்கு அடியில் தனியாக ஒரு கம்ப்ரஸர் பெட்டி இருந்தது. நான் இடது கையை அழுத்தும்போதெல்லாம் அதில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. திருகுகளின் மேல் பழுப்பு டேப் ஒட்டி, "தொடாதீர்" என்று எழுதியிருந்தது. சங்ககிரியிலிருந்து சவுண்டு சர்வீஸ்காரரை வரவழைத்தேன்.

"கீபோர்டுக்கு வயசாயிருச்சுங்க சார். புதுசு வாங்கிருங்க."

"எனக்கும்தான் வயசாயிருச்சு. என்னையும் மாத்திரலாமா?"

"அதத்தானுங்க பேரவைலயும் பேசிக்கறாங்க."

"இந்தப் பெட்டிய எவன் இப்படித் திருகி வச்சது?"

"நானுங்க. நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க."

செல்போனில் படத்தைக் காட்டினார். போன மாதத்து என் கடிதம், என் கையெழுத்து: "வாசகம் வாசிப்பவர் மைக்கில் கத்துகிறார். சத்தம் எந்நேரமும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு உடனே ஆவன செய்யவும்."

ஆவன செய்துவிட்டார். ஒரு தொண்டைக்காக மொத்தக் கோயிலின் குரல்வளையையும் நெரித்திருக்கிறார். அந்த மைக்கின் சத்தம் மட்டும் என்று நான் எழுதவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த எவராவது இப்படியொரு குறிப்பு எழுதியிருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன்.

"வாசக மைக்குக்கு மட்டும் வைங்க. மத்ததெல்லாம் இதுல சேரக் கூடாது."

"வெச்சர்றனுங்க. அதையும் எழுதிக் குடுத்துருங்க."

எழுதினேன். இரண்டு பிரதி. "மட்டும்" என்பதை அடிக்கோடிட்டதில் பேனா முனை தாளைக் கிழித்தது.

ஞாயிறன்று இரண்டு கையும் கேட்டன. பாடகர்கள் தடுமாறவில்லை. பூசை முடிந்ததும் பேரவைச் செயலாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாத்தீங்களா சார்? பென்டிரைவுன்னு சொன்னதும் கீபோர்டு தானா சரியாயிருச்சு!"

கீபோர்டை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தேன். ஜிப் கையோடு வந்துவிட்டது.