பாட்டு வாத்தியாரின் காது இரைச்சல்

என் காது குணமானதைப் பற்றி எங்கள் சபையில் நான் ஒருமுறை சாட்சி சொன்னேன். சொல்லி நாலாம் நாளே தலையைக் குனிந்துகொண்டு திரிந்தேன். அன்று பாதி தெரிந்து சொன்னதை இன்று முழுவதும் தெரிந்து எழுதுகிறேன். வாசிக்கிற சகோதர சகோதரிகள் இடையில் சிரித்தாலும் குற்றமில்லை. என் மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

1936ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு காலை. வகுப்பில் பாட்டைத் தொடங்கப் போன நேரம் இரண்டு காதிலும் ‘ஙீ’ என்று ஒரு சத்தம் பிடித்தது. கூரைக்குள் சில்வண்டு புகுந்துவிட்டது என்று நினைத்து, ஒரு தடியை எடுத்துக் கூரையெல்லாம் தட்டினேன். ஓலைத் தூசிதான் தலையில் கொட்டியது. வெளியே முற்றத்துக்குப் போனேன். சத்தமும் கூடவே வந்தது. தை மாதக் கடைசியில் வன்னிக்கு நெல் அரிவு வெட்டப் போய்க் காய்ச்சலோடு திரும்பியிருந்தேன். காய்ச்சல் விட்டு நன்றாகத் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் இந்தப் புது உபத்திரவம் வந்தது.

நான் சுன்னாகத்துக்கு அருகே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படிப்பிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவனும் நானே. கோயில் ஆர்மோனியத்தைக் கறையான் தின்ற பிறகு, ஒரு சுருதிக் கவையை வைத்துத்தான் சமாளித்து வந்தோம். இரண்டு பல் உள்ள அந்தச் சிறிய இரும்பை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் மெல்லிய ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலியைப் பிடித்து நான் முதலடியைப் பாட, சபை பின்னால் வரும்.

அந்த ஞாயிறு கவையைத் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குள் நின்ற ‘ஙீ’யையே சுருதி என்று எடுத்துப் பாடிவிட்டேன். ஆண்கள் முதலடியிலேயே கைவிட்டார்கள். பெண்கள் கழுத்து நரம்பு புடைக்க இரண்டாம் அடிவரை வந்தார்கள். கடைசியில் நானும் ஒரு கைக்குழந்தையும்தான் மிச்சம். குழந்தை பாடவில்லை, பயந்துபோய் அழுதது.

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார். கோபக்காரர் அல்ல, நல்ல மனிதர்.

“வாத்தியார், உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு மற்றச் சபையளும் எங்கடை கோயிலுக்கு வருகினம். அதுக்கிடையிலை காது சரிவராட்டில் பட்டணத்திலையிருந்து வேறை ஆளைத்தான் கேக்கவேணும். பள்ளிக்கூட மனேச்சரும் அதைத்தான் சொல்லுறார்.”

கோயில் பாட்டோடு பள்ளிக்கூட வேலையும் போகப்போகிறது என்று விளங்கியது. பாட்டை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் முகம் கழுவுகிற சாட்டில் நின்று அழுதேன். கர்த்தாவே, கையைக் காலை எடுத்தாலும் தாங்குவேன், காதை விட்டுவிடும் என்று மன்றாடினேன்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. எங்கள் ஊர் நாட்டுவைத்தியரான பரியாரியார் உள்ளிப்பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதுக்குள் விட்டார். ஒரு கிழமை என்னைச் சுற்றி ரசம் மணந்தது. சத்தம் குறையவில்லை. குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா, சுறா எண்ணெய் விட்டுப் பார்க்கச் சொன்னார். அதையும் விட்டேன். உள்ளி மணம் போய், அதைவிட மோசமான மணம் வந்தது. பட்டணத்து டொக்டர் நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு பார்த்து, வெந்நீர் பீச்சி ஒரு பாக்களவு குறும்பியை எடுத்தார். காது துப்புரவாயிற்று. துப்புரவான காதில் ‘ஙீ’ இன்னும் தெளிவாகக் கேட்டது.

“வேறை மருந்து ஏதும் எடுக்கிறீரோ?” என்று அவர் கேட்டார்.

“இல்லை ஐயா,” என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை.

பரியாரியார் சைவர். எனக்கு வேண்டியவர். கடைசியில் அவரே, “வாத்தியார், என்ரை கைமருந்து முடிஞ்சுது. இனி உங்கடை ஆண்டவரை இறுக்கிப் பிடியும்,” என்றார். வெட்கமாக இருந்தது. ஜெபிக்கத்தான் செய்தேன், ஆனால் அவசரக்காரன் ஜெபம். பங்குனி மாதம் மூன்று நாள் உபவாசம் இருப்பதென்று பொருத்தனை செய்தேன். பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் ஒன்றும் வைப்பதில்லை.

முதல் நாள் பசிதான் தெரிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் சத்தம் கொஞ்சம் தூரப் போனதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் கவையைத் தட்டிக் காதில் வைத்தேன். கேட்டது. சகோதரரே, அந்தச் சின்ன இரும்பின் ஒலி எனக்கு எவ்வளவு இனித்தது! குசினிக்கு ஓடி, அரிசி கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ராகேலின் காதிலும் அதை வைத்தேன். இருவரும் அங்கேயே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னோம். மறுநாள் ஞாயிறு. சபையில் எழுந்து, பூரண சுகம் பெற்றேன் என்று முழங்கினேன். வயது போனவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

புதன்கிழமை ‘ஙீ’ திரும்பி வந்தது.

அந்த நாட்களில் என் மனம் கிடந்த கிடையை எழுதக் கூசுகிறது. கொடுத்துவிட்டுப் பறிக்கிற தேவனா நீர் என்று கேட்டேன். சபையார் எதிரே வந்தால் வேலியோரமாக விலகிப் போனேன். வெள்ளிக்கிழமை காலை ராகேல் கோப்பியை வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்த மூண்டு நாளும் நீங்கள் கோப்பி குடிச்சனீங்களோ?”

“உபவாசத்திலை ஆர் கோப்பி குடிக்கிறது?”

“அப்ப கொயினாக் குளிசை?”

“கோப்பியும் பனங்கட்டியும் இல்லாமல் உந்தக் கைப்பை ஆர் விழுங்கிறது?”

அவள் என் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் இரண்டு குளிசைகள் இருந்தன. வன்னிக் காய்ச்சலுக்கு, அதுதான் மலேரியாவுக்கு, ஊர் மருந்துச்சாலை அப்போதிக்கரி தந்த கொயினாக் குளிசை, குயினைன் மாத்திரை. காய்ச்சல் மறுபடி வந்துவிடுமே என்ற பயத்தில், பிறகு நானே கடையில் ஒரு போத்தல் வாங்கி, காலையில் இரண்டும் மாலையில் ஒன்றுமாகப் போட்டுவந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப ஆண்டவர் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுறீரோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீங்கள் அவரிட்டைக் கேட்டனீங்கள். மூண்டு நாளும் குளிசையை உங்கடை வாயிலை போகாமல் பிடிச்சு வைச்சுக் காட்டினவர். எங்களுக்குத்தான் விளங்கேல்லையோ எண்டு யோசிக்கிறன்.”

குளிசையைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு அன்றே அப்போதிக்கரியிடம் போனோம்.

“எத்தினை நாள் போடச் சொன்னனான்?” என்றார்.

“பத்து நாள், ஐயா.”

“பத்து நாளிலை விட்டீரோ?”

“இண்டைக்குக் காலமையும் கையிலை எடுத்தனான். ராகேல்தான் விழுங்க விடேல்லை.”

“கொயினாவைக் கனநாள் தின்றால் காது இரையும். பட்டணத்து டொக்டர் கேட்டிருப்பாரே, ஏன் சொல்லேல்லை?”

“அதை மருந்தெண்டு நினைக்கேல்லை, ஐயா. கோப்பியோடை சேர்ந்த சாமான் எண்டு நினைச்சிட்டன்.”

அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். பிறகு கரிசனையாகச் சொன்னார். குளிசையை இன்றோடு நிறுத்தவேண்டும். காய்ச்சல் திரும்பினால் உடனே வரவேண்டும். இரைச்சல் பெரும்பாலும் போய்விடும். கொஞ்சம் மிஞ்சினால் அதோடு சண்டை பிடிக்காமல் வேலையைப் பார்க்கவேண்டும். உற்றுக் கேட்கக் கேட்க அது பெருக்கும், கவனியாமல் விட்டால் அடங்கும் என்றார்.

ஒரு கிழமைக்குள் இரைச்சல் அடங்கிவிட்டது. நான் சபை முன் எழுந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குளிசை விஷயம் வந்ததும் கோயிலே சிரித்தது. போதகர் ஐயாவும் வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியற்காலை கோயில் நிரம்பி வழிந்தது. வெளிச் சபைகளின் ஆட்கள் வாசல்வரை நின்றார்கள். கவையை முழங்காலில் தட்டினேன். ஒலி கேட்டது. அடியை எடுத்தேன். ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், வாசலில் நின்றவர்களும் சேர்ந்தார்கள். கடைசி அடியில் என்னால் பாட முடியவில்லை. அழுதுவிட்டேன். நான் நிறுத்தியும் பாட்டு நிற்கவில்லை. அத்தனை பேர் பாடியதை நான் இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போதும் மிக அமைதியான இடத்தில் இடது காதில் ஒரு மெல்லிய ‘ஙீ’ உண்டு. கிணற்றில் துலா ஏறி இறங்கும் சத்தமோ, ராகேல் முணுமுணுக்கும் பாட்டோ இருந்தால் அதை மறந்துபோவேன். வேலையும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. முன்பெல்லாம் கேட்பதைக் கேட்டுவிட்டு ஆமென் என்று எழுந்து ஓடுவேன். இப்போது கொஞ்ச நேரம் முழங்காலிலேயே பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

காது இரைந்து மனம் சோர்ந்து போனவர்கள் உங்களில் இருந்தால் நம்பிக்கையை விடாதீர்கள். நம் தேவன் கேட்கிறவர். எங்கள் வீட்டுக்கு எந்தப் பின்னேரமும் வாருங்கள். முதலில் உங்களோடு முழங்காலில் நிற்பேன். எழுந்ததும் ராகேல் கோப்பி தருவாள். அதைக் குடிக்க விடுமுன், தினமும் என்ன விழுங்குகிறீர்கள் என்று ஒன்று விடாமல் கேட்பேன்.