விமானத் திருவிழாவில் மாமி

நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போன என் குடும்பம், அத்தனை ஜெர்மன்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு விமான நிலையத்துப் புல்வெளியில் குப்புறப் படுத்துக் கிடந்த காட்சி என் கண்ணைவிட்டுப் போகாது. அப்பா, அம்மா, மாமி மூவரும் காதுக்குள் விரலை விட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தார்கள். மாமி மட்டும் ஒரு காதைத்தான் பொத்தியிருந்தார். மற்றக் கை, பொரித்த ரோல்ஸ் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தது. நானும் தம்பியும் கையில் ஐஸ்கிரீமோடு விழித்துக்கொண்டு நின்றோம். நாங்கள் இங்கே ஜெர்மனியில், ஹம் நகரில் பிறந்தவர்கள். எங்களுக்குப் படுக்கத் தெரியாது.

அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சிறிய விமான நிலையத்தின் ஆண்டு விழா. இராணுவ விமானங்களும் வரும், ஏறிப் பார்க்கலாம், அனுமதி இலவசம் என்று அப்பாவின் தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இலவசம் என்ற சொல்லே அப்பாவுக்குப் போதும். மாமி, அதாவது அப்பாவின் அக்கா, முதலில் வர மறுத்துவிட்டார். "பிளேன் பாக்க நான் ஏன் வாறன்? நான் காணாத பிளேனே?" என்றார். ஆனால் விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்தவரும் அவர்தான். அதை அம்மாவை நம்பி அனுப்ப மனம் வராமல் கடைசியில் காரில் ஏறிவிட்டார். போனது ஐந்து பேர். கொண்டுபோன சாப்பாடு ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும்.

போய்ச் சேர்ந்து பாயை விரிப்பதற்குள் இரண்டு போர் விமானங்கள் தலைக்கு மேலால் தாழ இரைந்துகொண்டு போயின. அவ்வளவுதான், பெரியவர்கள் மூவரும் தரையில். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. உடம்பு தானாகப் படுத்துவிட்டது. வெயிலில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்து ஒரு ஜெர்மன் பெண்மணி தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். அப்பா எழும்பி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "ஜிம்னாஸ்டிக்" என்றார், வெகு கௌரவமாக. அம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாமி பெட்டியைத் திறந்து பார்த்து, "ஒண்டும் நசியேல்லை" என்று அறிவித்ததும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் பெண்மணிக்கும் இரண்டு ரோல்ஸ் கிடைத்தது.

சிரித்து முடிந்த பிறகு மாமி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய இராணுவச் சரக்கு விமானம் நின்றது. "பிள்ளை, அதை ஓட்டுறவர் ஆரெண்டு கேள். எனக்கு அவரிட்ட ஒண்டு கேக்கவேணும்" என்றார் என்னிடம்.

என்ன கேட்கப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. குண்டு போடும் விமானத்தை யாழ்ப்பாணத்தில் பொம்மர் என்பார்கள். சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை மாமியின் வீடிருந்த ஒழுங்கைக்கு மேலே பொம்மர் சுற்றியபோது, மற்றவர்கள் பதுங்குகுழிக்கு ஓட, மாமி முற்றத்தில் நின்று வெள்ளை வேட்டியொன்றைத் தூக்கி ஆட்டினாராம். இங்கே இருப்பது சனம் என்று மேலே இருப்பவனுக்குக் காட்டத்தான். அவன் போட்டுவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுச் சிநேகிதி அதில் போய்விட்டார். அவன் கண்டானா, காணவில்லையா என்பதுதான் மாமியின் மனதை இத்தனை வருடமாக அரித்த கேள்வி. இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

விமானிக்கு இளவயது. மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. ஒருவரிடம் ஒன்று கேட்கப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது மாமியின் சட்டம். முதலில் ரோல்ஸை நீட்டினார். உறைப்பில் விமானிக்குக் கண் கலங்கியது, ஆனாலும் இன்னொன்று எடுத்தார். அதன் பிறகுதான் மாமி கேட்டார்: "கீழ நிண்டு கை காட்டினால் மேல இருக்கிற ஆளுக்குத் தெரியுமோ?"

வழமையாக டாக்டரிடம் மாமி சொல்வதில் பாதியை வெட்டித்தான் மொழிபெயர்ப்பேன். அன்று ஒரு சொல்லையும் விடவில்லை. தெரியாது என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். விமானி யோசித்துவிட்டு, "தாழப் பறந்தால் தெரியும். பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன். மாமி அழவில்லை. "நினைச்சுப் பாத்தால்" என்று தனக்குள் திருப்பிச் சொன்னார். ஏன் கேட்கிறார் என்று விமானி என்னிடம் விசாரித்தார். முழுவதையும் சொன்னேன். கையிலிருந்த ரோல்ஸை அவர் கடிக்கவே இல்லை. "பின்னேரம் நான் திரும்பிப் போகும்போது இந்தப் பக்கமாகத் தாழப் போவேன். எங்கே நிற்பீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்" என்றார். "வாஃபிள் கடைக்குப் பக்கத்தில" என்றார் மாமி.

பின்னேரம் அந்தச் சரக்கு விமானம் கிளம்பி, ஒரு வட்டம் போட்டு எங்களை நோக்கி வந்தது. அப்பாவின் முழங்கால் மடியத் தொடங்கியது. மாமி அவருடைய சேர்ட்டைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். விமானம் இடப்பக்கம் ஒருதரம், வலப்பக்கம் ஒருதரம் இறக்கையைச் சரித்தது. "கண்டிட்டான்! என்னைக் கண்டிட்டான்!" மாமி துள்ளினார். அம்மாவைக் கட்டிப்பிடித்தார், வாஃபிள் கடைக்காரரைக்கூட விடவில்லை. மாமியை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கண்டதில்லை.

இப்போது மாமிக்கு நடை தளர்ந்துவிட்டது, குரல் தளரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. தம்பி ஒவ்வொரு தடவையும் சீண்டுவான்: "மாமி, அவர் எல்லாருக்கும்தான் இறக்கையை ஆட்டினவர்."

"ஆட்டட்டும்" என்பார் மாமி. "மேல போறவன் கீழ சனத்தைக் கண்டால், செய்யவேண்டியது அவ்வளவும்தான்."