துணி கட்ட இடமில்லாத கண்ணாடி

தேவர்சோலைக்கு மேலே, மேட்டு லயத்து வரிசை வீடொன்றில் இருக்கிற அய்யாவுக்கு ஒரு காலத்தில் ‘பொட்டு அய்யாவு’ என்று பட்டப்பெயர். இப்போது அப்படிக் கூப்பிட யாருக்கும் வாய் வருவதில்லை. தேயிலை ஃபாக்டரியில் ஆயுத பூஜை என்றால் மிஷின்களுக்குப் பொட்டு வைப்பது அவர் உரிமை. முதலில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். தராசு, ஜீப், தீயணைக்கும் வாளி எதையும் விடமாட்டார். ஒரு வருஷம், ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரின் கால்குலேட்டருக்கும் வைத்து, பொத்தான் ஒட்டிக்கொண்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சிலோனிலிருந்து கப்பலில் வந்தபோது அவர் சின்னப் பையன். மண்டபம் முகாமில் மாதக்கணக்காகக் கிடந்தவர்களை லாரியில் ஏற்றி, இந்தக் குளிருக்குள் கொண்டுவந்து இறக்கி, இதுதான் உங்கள் நாடு என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். அதே லாரியில் வந்த இன்னொரு வீட்டுப் பெண்தான் தெய்வம்மா. பிறகு இருவரும் ஒரே ஃபாக்டரியில் சேர்ந்தார்கள், கல்யாணமும் ஆனது.

அவருக்கு மிஷினை ஓட்டும் வேலை, அவளுக்குச் சுத்தம் செய்யும் வேலை. பச்சைக் கொழுந்தை அரைக்கும் உருளைகளில் நெருக்கமாகப் பல் வெட்டியிருக்கும். மிஷின் நின்றதும் பின்பக்கமாக உள்ளே கையை விட்டு, கம்பி பிரஷால் அந்தப் பற்களைத் தேய்க்க வேண்டும். தேய்க்கப் போகுமுன் தெய்வம்மா தலைத்துணியை அவிழ்த்து, மிஷினை ஓட்டும் இரும்புக் கைப்பிடியில் முடிந்துவிட்டுப் போவாள். சிலோன் ஃபாக்டரியில் அவள் அம்மா செய்த வழக்கம். துணி அவிழ்கிறவரை முதலாளியே வந்து நின்றாலும் அய்யாவு கைப்பிடியைத் தொடமாட்டார்.

அந்தக் கைப்பிடியைத்தான் ஒருநாள் பிடுங்கி எறிந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கண்ணாடித் திரை வந்தது. கோயமுத்தூரிலிருந்து அதை மாட்ட வந்த மயில்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

“பச்சை வட்டத்தைத் தொட்டா ஓடுமுங்க. தெரியாம கை பட்டா ஓடாதுங்க. நிச்சயமான்னு ஒருக்கா கேக்கும். மறுக்காத் தொட்டாத்தான் ஓடும். அத்தனை பாதுகாப்புங்க.”

“அடுத்தது என்ன வருது?” என்றார் டீமேக்கர் லூயிஸ், வாயெல்லாம் பல்லாக.

“இன்னும் கொஞ்ச நாள்ல தொடவே வேண்டாமுங்க. எட்ட நின்னு கையைக் காட்டுனாப் போதும்.”

தெய்வம்மா கண்ணாடியின் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. “ஏங்க தம்பி, இதுல துணிய எங்கிட்டு கட்டுறது?”

மயில்சாமி சிரித்தான். லூயிஸும் சிரித்தார். அவர்களைப் பார்த்து அய்யாவும் சிரித்துவைத்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. துணியைக் கையிலேயே சுருட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவளுக்கு யாராவது ஒரு பதில் சொல்லியிருக்கலாம். கேட்டவள் கூட்டிப் பெருக்குகிறவள்தானே, யார் சொல்வார்கள்?

ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரியும் பூசணியும் கொண்டுவந்து வைத்தார்கள். பூஜை நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவதுதான் வழக்கம். லூயிஸ் வேண்டாமென்றார். திரை எரிந்தால்தான் முதலாளிக்கு அனுப்புகிற போட்டோ எடுப்பாக இருக்குமாம்!

தெய்வம்மா சுத்தம் முடித்து, கை கால் கழுவி, பூக்கட்ட உட்கார்ந்ததை அய்யாவு பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. உருளையின் பல்லிடுக்கில் கொழுந்துச் சக்கை மிச்சமிருப்பது நினைவு வந்து, பூஜைக்கு அழுக்காக இருக்கக் கூடாதென்று அவள் பிரஷோடு மிஷினின் பின்பக்கம் போனாள். பழைய கைப்பிடி இருந்திருந்தால் அதில் துணி தொங்கியிருக்கும்.

அய்யாவு தட்டோடு ஒவ்வொரு மிஷினாக வந்தார். கைப்பிடி போன மிஷினுக்கு முகமே அந்தக் கண்ணாடிதான். எரிகிற பச்சை வட்டம் நடுநெற்றியில் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. பக்தியோடு அதன்மேல் சந்தனத்தை அழுத்தி வைத்தார். உடனே அந்த இடத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதிய கட்டம் வந்தது. மிஷின் பொட்டை ஏற்றுக்கொண்டது என்று நினைத்தாரோ என்னவோ. மோதிர விரலால் குங்குமம் எடுத்து, சந்தனத்தின் நடுவில் வைத்தார்.

மிஷின் ஓடியது.

பின்பக்கம் எழுந்த அலறல் யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியை அறைந்தார். பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தது. அதை அடித்தார். நிறுத்துவதற்கும் நிச்சயமா என்று அது கேட்டது. அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. சந்தனக் கையால் எங்கெங்கோ அடித்து, “நில்லு, நில்லு சாமி” என்று கதறினார். பூக்கட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மா ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்த பிறகுதான் நின்றது.

தெய்வம்மா பிழைத்துக்கொண்டாள். வலது கை முழங்கையோடு போனது. ஃபாக்டரியில் கொஞ்சநாள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். பிறகு மற்ற மிஷின்களின் கைப்பிடிகளும் போய், அங்கேயும் கண்ணாடி வந்தது. மயில்சாமிதான் வந்து மாட்டினான். அய்யாவு வேலையை விட்டு, கிடைத்த கூலிக்குக் காட்டு வேலைக்குப் போனார்.

வீட்டில் எதையும் அவர் சட்டென்று தொடுவதில்லை. லைட் சுவிட்ச் பக்கம் விரலைக் கொண்டுபோய், “தெய்வம், எங்கிட்டு இருக்க?” என்பார். அடுப்படியிலிருந்து, “இங்கனதான் இருக்கேன், போடுங்க” என்று குரல் வரும். அப்புறம்தான் போடுவார். ஆரம்பத்தில் அவளுக்கு இது சிரிப்பாக இருந்தது. இப்போது பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தாலும் அவளுக்கே பதறுகிறது.

போன ஐப்பசி மழையில் அவள் பேச்சியம்மா வீட்டுக்குப் போனவள், மழை விடாமல் அங்கேயே தங்கிவிட்டாள். பொழுது சாய்ந்து திரும்பியபோது லயம் முழுக்க வெளிச்சம், அவர்கள் வீடு மட்டும் இருட்டு. ஓடிவந்து கதவைத் தள்ளினாள். அய்யாவு சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது.

“லைட்டப் போட்டுட்டு இருக்கலாமுல்ல?”

“நீ எங்க இருக்கேன்னு தெரியலயே புள்ள.”

அவள் ஈரத் தலைத்துணியை இடது கையால் அவிழ்த்து, அவர் மடியில் போட்டாள். அவர் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவளே கையை நீட்டி லைட்டைப் போட்டாள்.