இடி அத்தையின் கண்ணாடிக் கூடு

என் அத்தையை வீட்டுக்கு வெளியே எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். வார நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பாள். விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் டிரம்ஸ் வாசிப்பாள். இருபது வயதில் ஒரு கல்யாணத்துக்குச் சாப்பிடப் போனவள், டிரம்ஸ்காரர் வராததால் மேடையேறினாள். முப்பது வருடமாக இறங்கவில்லை.

நான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, இனியாவது ஓரிடத்தில் இருப்பாயா என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான். வந்த மூன்றாம் நாள், என் பையில் வயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பார்த்துவிட்டு, அதைப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாள். ஒரு படகுத் துறையில் எட்டு மாதம் பழைய ரேடியோக்களைப் பிரித்து வயிறு வளர்த்தவள் நான். தெரியும் என்றேன். சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"எனக்குக் காது மந்தமாயிடுச்சுடி. வெளிய மூச்சு விடாத."

எதிரே உட்கார்ந்து பேசினால் கேட்கும். மேடையில்தான் தன் டிரம்ஸைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. பாடுகிறவரின் தோளையும் கீபோர்டுக்காரரின் விரலையும் பார்த்தே இரண்டு வருடம் ஒப்பேற்றியிருக்கிறாள். போன இரண்டு கச்சேரிகளில் கோட்டை விட்டுவிட்டாள். கீபோர்டுக்காரர்தான் குழுவின் தலைவர். அவரை மாஸ்டர் என்பார்கள். அவர் உடனே ஒரு ரிதம் பாக்ஸ் வாங்கிவிட்டார். பொத்தானை அமுக்கினால் தானாகத் தாளம் போடும் பெட்டி. அதற்கு டீ கூட வாங்கித் தர வேண்டாம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரியில் இன்னொரு முறை தாளம் தப்பினால் அத்தையின் நாற்காலியில் பெட்டி உட்கார்ந்துவிடும்.

வீட்டில் கதையே வேறு. மாமா பக்கத்து அறையிலிருந்து எது கேட்டாலும் பதில் வராது. ஏதோ கோபம் போலிருக்கிறது என்று அவராக முடிவுகட்டி, இரண்டு வருடமாகச் சமாதானத்துக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அவரைத் திருத்தவில்லை.

செல்போன் கடை வாசலில் பாட்டுக்கு ஏற்ப மினுக்கும் விளக்குகளைப் பார்த்ததில் அவளுக்கு யோசனை வந்திருந்தது. பாட்டு காதில் விழாவிட்டால் என்ன, கண்ணில் விழுந்தால் போதாதா? ஒரு குட்டி மைக், இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஐந்து சிவப்பு எல்ஈடி விளக்கு, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. மைக்கில் விழும் ஓசையை டிரான்சிஸ்டர் பெரிதாக்கி, ஓசை எழும்போதெல்லாம் விளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும்.

கண்ணாடிக் கடை இடுக்கியோடு அத்தை உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் என்னைவிட நன்றாகப் பற்றவைத்தாள். பேட்டரியைச் செருகியதும் ஒரு விளக்கும் எரியவில்லை. ஐந்தையும் தலைகீழாகப் போட்டிருந்தோம். நெட்டைக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ் என்று விளக்கினேன். தானும் மாமாவும் கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அத்தைதான் நெட்டை.

திருப்பிப் போட்டதும் செல்போன் பாட்டுக்கு ஐந்தும் துள்ளின. எல்லாவற்றையும் கடையில் மூக்குக் கண்ணாடி வைத்துக் கொடுக்கும் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்து, மூடியில் ஐந்து ஓட்டை போட்டு விளக்குகளை எட்டிப் பார்க்க வைத்தோம். மாமாவுக்குச் சத்தம் ஆகாது என்பதால் தலையணையை டிரம்ஸ் ஆக்கி, இரண்டு கரண்டியால் அடித்து ஒத்திகை பார்த்தாள். பத்துப் பாட்டு, ஒரு அடி பிசகவில்லை. ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் மாமா அடுத்த அறையிலிருந்து ஏதோ கேட்க, விளக்குகள் மினுக்கின. "என்ன?" என்றாள் அத்தை. பதில் வந்த அதிர்ச்சியில் மாமா எழுந்தே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் கண்ணாடிக் கூட்டை டிரம்ஸ் ஸ்டாண்டில் ஒட்டி வைத்தேன். முதல் பாட்டு, மணமக்கள் கைகோத்து மெதுவாக ஆடுவதற்கானது. வங்கியில் வேலை பார்க்கும் பாடகர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் கண்ணைத் திறந்தார்.

அத்தை வேகமெடுத்திருந்தாள். அவள் அடிக்க விளக்கு மினுக்க, பாட்டு ஓடுகிறது என்று நினைத்து அவள் இன்னும் முந்தி அடிக்க, விளக்கு இன்னும் முந்தி மினுக்கியது. தலையணை சத்தம் போடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மைக், பாட்டையா கேட்டது? பக்கத்திலிருந்த டிரம்ஸைத்தான் கேட்டது. அத்தை தன்னையே துரத்திக்கொண்டிருந்தாள். பாடகர் பாதி வரிகளை விழுங்கினார். மணமகன் பாவம், மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தவன் மணமகளின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மாஸ்டர் மட்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ரிதம் பாக்ஸின் வயரைத் தேடிக் குனிந்தார்.

நான் அத்தையை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். மைக்கை வெட்டிவிட்டு, கீபோர்டிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்தால் சரியாகிவிடும். கீபோர்டின் முதுகில் ஹெட்போன் துளை ஒன்று சும்மாதான் கிடந்தது. ஆனால் மாஸ்டரிடம் கேட்க வேண்டும். கேட்டால் காது விஷயம் வெளியே வரும். அத்தை அரை நிமிடம் குச்சியைக் கடித்தாள். பிறகு நேராக அவரிடம் போனாள்.

"மாஸ்டர், எனக்கு மேடையில காது கேக்கல. உங்க கீபோர்டுலேர்ந்து ஒரு வயர் வேணும்."

அவர் ரிதம் பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இதற்குத்தானே வாங்கினேன் என்பது போல் நின்றார்.

"தாளத்தை இந்தப் பெட்டி பாத்துக்கும், நீங்க போங்கம்மா. வீட்ல நிம்மதியா இருங்க."

அத்தை அவர் காதருகே குனிந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"போறேன். போற வழியில உங்க கூலிங் கிளாஸ் எத்தனை பவர்னு மைக்ல சொல்லிட்டுப் போறேன். தேய்ச்சவ நான்தானே. எட்டு வருஷமா ஸ்டைலுக்குப் போட்டிருக்கீங்கன்னு எல்லாரும் நம்புறாங்க."

மாஸ்டர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எவ்வளவு நீள வயரு வேணும்?" என்றார்.

மைக்கை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வயரை இணைத்து, மறுமுனையைக் கீபோர்டில் செருகினோம். இரண்டாம் பாட்டிலிருந்து அவருடைய இடது கை அமுக்க அமுக்க ஐந்து விளக்குகளும் எரிந்து அணைந்தன. அத்தை அவற்றின் மேல் கண்ணை நட்டு அடித்தாள். ஒரு அடி தப்பவில்லை. சாப்பாடு முடியும்வரை வாசித்தார்கள். நடுவில் ஒருமுறை விளக்கு தடுமாற, அத்தை மாஸ்டரைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவர் தப்பு போட்டால் இப்போது அவளுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

ரிதம் பாக்ஸ் இப்போதும் எல்லாக் கச்சேரிக்கும் வருகிறது. அத்தையின் டீ டம்ளரை அதன் மேல்தான் வைக்கிறார்கள்.

மைக்கை மறுபடி பற்றவைத்து, வீட்டிலும் கூட்டை மேசைமேல் வைத்துக்கொள்ளலாமே, மாமா கூப்பிட்டால் தெரியுமே என்றேன். அத்தை அடுக்களைப் பக்கம் பார்த்தாள். மாமா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்டி," என்றாள் மெதுவாக. "பேட்டரி தீந்துடும்."