களிமண்ணில் ஒரு திராட்சைக் கொடி

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து துணுக்காயில், குளத்துக்குக் கீழே குடியிருந்த ஓர் அம்மாவின் வளவுக்கு வேலி அடைக்கப் போனேன். மெலிந்தவர், நரைமுடியை இறுக்கி முடிந்திருந்தார். என்னோடு பேசும்போதும் கண் திராட்சைப் பந்தலில்தான் இருந்தது. உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"இண்டைக்கும் கொட்டிப்போச்சு தம்பி. காலமையும் பின்னேரமும் தண்ணி விடுறன். ஒரு குலையாவது மிஞ்சுமோ?"

பந்தலோரம் வேலிக் கம்பாகக் கதியால் நட நான் தோண்டிய குழியில் நீர் ஊறியது.

"தண்ணி கூடிப்போச்சும்மா. இது உங்க ஊர்ச் செம்மண் இல்ல, களி. கொஞ்ச நாளைக்கு ஊத்தாதீங்க."

"வேலி அடைக்க வந்தவருக்குத் தோட்டமும் தெரியுமோ?"

"தெரியாதும்மா. குழியப் பாருங்க."

பார்த்தார். முகம் வாடியது.

"ஊரில நிண்ட கொடிக்கு, நாங்கள் ஓடி வந்த அண்டைக்குத் தண்ணி விடேல்லை. இஞ்ச இருந்தும் எப்ப ஓடவேணுமோ? இதையும் காயவிட்டிட்டுப் போகச் சொல்லுறீரோ?"

நான் அடுத்த குழியைத் தோண்டப் போனேன்.

மாலையில் நிறைந்த வாளியோடு வந்து கொடியடியில் நின்றார். தூரத்தில் ஷெல் விழுந்து வெடிக்கும் சத்தம் கேட்டது. அவர் ஊற்றவில்லை, திரும்பிப் போகவுமில்லை. வேலையை முடித்து நான் புறப்பட்டபோதும் அப்படியே நின்றார். அந்தத் தண்ணீரை என்ன செய்தாரோ, தெரியாது.