நினைவுச் சுவருக்குப் பின்னால் கிடந்தது

போன வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஹாலில், நான் ஒரு வெடிகுண்டுக்குக் கற்பூரம் காட்டினேன்.

மிகைப்படுத்தவில்லை. நிஜக் குண்டு. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மூன்று சுற்று.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் கவினுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். ‘நாம் வசிக்கும் பகுதியின் வரலாறு’. அது யாருக்கான ஹோம்வொர்க் என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் இருப்பது குவைத்தில், மங்காஃபில். ஆறு வருஷமாக இருக்கிறேன். எந்தக் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும் என்று கேளுங்கள், சொல்வேன். வரலாறு? தேடிப் படித்தேன். இந்தக் கரையெல்லாம் ஒரு காலத்தில் மீனவர் ஊர்கள். முத்துக் குளிப்பு, பேரீச்சை மரங்கள், சில கிணறுகள். பிறகு உள்ளே பாலைவனத்தில் எண்ணெய் கிடைத்தது. எல்லாம் மாறியது. 1990-ல் ஈராக் படை வந்தது. ஏழு மாதம் இருந்தது. போகும்போது எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. மாதக்கணக்கில் எரிந்ததாம். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினார்களாம்.

ஊருக்கு வெளியே அந்தப் போரில் இறந்தவர்களுக்கு ஒரு சின்ன நினைவுச் சுவர் இருக்கிறது. கொடிக்கம்பம், இரண்டு பேரீச்சை மரம், கல்லில் வெட்டிய பெயர்கள். அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை கவினை அங்கே அழைத்துப்போனோம்.

காரை விட்டு இறங்கியதுமே எனக்குப் பயம் தொற்றிக்கொண்டது. இங்கே போட்டோ எடுக்கலாமா? தூரத்தில் எண்ணெய்க் குழாய் தெரிகிறதே... அது படத்தில் விழுந்தால் தப்பாகிவிடுமோ? ஒன்று எடுத்தேன். அழித்தேன். மறுபடி எடுத்தேன்.

“மூணாவது தடவையா கேக்குற. எடுக்கலாம்மா. போர்டுகூட இல்ல பாரு” என்றார் கணவர்.

கவின் பள்ளியில் அரபி படிக்கிறான். சுவரில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே சுவரின் மறுபக்கம் போனான். அங்கே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, மண்ணைக் குவித்துப் போட்டிருந்தார்கள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வண்டி எதுவும் வருகிறதா என்று!

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பயந்த சுபாவம் உள்ளவர்கள் ஜாக்கிரதையானவர்கள் என்று ஊர் நினைக்கிறது. இல்லவே இல்லை. நாங்கள் முழு மூச்சோடு தவறான திசையில் பயந்துகொண்டிருப்போம்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இங்கே பண்டிகை வருகிற நாளில் கொண்டாட முடியாது. வார லீவான வெள்ளியில்தான். அதனால் ஆயுத பூஜையும் வெள்ளிக்கு மாறியது. கணவருக்குப் பம்ப், வால்வு பராமரிப்பு வேலை. வருஷா வருஷம் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் என்று எதையாவது கொண்டுவந்து பலகையில் வைப்பார். போன வருஷம் ஒரு பழைய பேரிங். பக்கத்தில் என் அரிவாள்மணை, லேப்டாப், கவினின் புத்தகங்கள்.

இந்த வருஷம் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. உள்ளங்கை நீளம். ஒரு முனை கூம்பு. மேலெல்லாம் துரு, காய்ந்த மண். இவர் கொண்டுவந்த ஏதோ வால்வு சாமான், இதைக்கூடத் துடைக்காமல் வைத்திருக்கிறாரே என்று சலித்துக்கொண்டேன். சமையலறைக்கு எடுத்துப்போய் ஸ்க்ரப்பரால் தேய்த்தேன். மண் போகவில்லை. சிங்க்கின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஆமாம். தட்டினேன். இரண்டு தடவை.

பிறகு பொட்டு வைத்து, பலகையில் முதல் வரிசையில் வைத்தேன். இவர் பார்த்தார். என் இடியாப்ப உரலில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தாராம். கேட்கவில்லை. பத்து வருஷக் கல்யாண வாழ்க்கை!

பூஜை முடிந்து சுண்டல் எடுத்து வைக்கும்போது முனியசாமி வந்தார். பரமக்குடிப் பக்கம். கணவருடைய சைட்டில் குழாய் பதிக்கும் குழுவில் இருக்கிறார். கேம்ப் ரூமில் எட்டுப் பேர் என்பதால் பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். குங்குமம் எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

“அக்கா... இத ஆரு இங்கன வச்சது?”

“உங்க சார்தான்.”

“நானா? உன்னோடது இல்லையா அது?” என்றார் இவர், கையை நீட்டிக்கொண்டே.

“சார், தொடாதீக!”

முனியசாமி அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கவின் மெல்லச் சொன்னான். “இட்ஸ் மைன். ஃபார் மை புராஜெக்ட். அந்த நேம்ஸ் வால் பின்னாடி எடுத்தேன்.”

ஆறு நாள்! ஆறு நாள் அது என் பிள்ளையின் ஸ்கூல் பையில் இருந்திருக்கிறது. பஸ்ஸில் குலுங்கியிருக்கிறது. அந்தப் பையைத் தலைக்கு வைத்து அவன் சோபாவில் தூங்கியதை நானே போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

“எங்க சேஃப்டி கிளாஸ்ல படம் போட்டுக் காட்டுவாகக்கா. சண்டை நேரத்துச் சாமான். தோண்டுனா அடியில கெடந்ததெல்லாம் மேல வந்துரும். வெளிய போவோம். ஓடாதீக, நடங்க.”

விளக்கு அதன் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக்கூட யாரும் கிட்டே போகவில்லை.

படியிறங்கும்போதே இவர் போனை எடுத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ் வந்தால் யார் எடுத்தது என்று கேட்பார்களே? நினைவிடத்திலிருந்து எடுத்தது என்றால் திருட்டு ஆகிவிடுமா? விசா போய்விடுமா? மூன்று பேரையும் விமானத்தில் ஏற்றிவிட்டால்?

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

“ஒரு வாளியில மணல் போட்டு மெதுவா எடுத்துட்டுப் போய், கீழ இருக்கற பெரிய குப்பைத்தொட்டில வெச்சுட்டா என்னங்க?”

இவரைத்தான் கேட்டேன். முனியசாமிதான் சொன்னார். “வைக்கலாம்க்கா. சாயந்தரம் லாரி வந்து தொட்டியக் கவுத்து நசுக்குவாக. லாரி பின்னாடி ஒருத்தன் தொங்கிட்டு வருவான், பாத்திருக்கீகளா?”

பார்த்திருக்கிறேன். பங்களாதேஷ்காரர். கவினுக்குக் கையசைத்துவிட்டுப் போவார்.

போனை விட்டேன். இவர் அவசர எண்ணை அழுத்தினார்.

அரை மணி நேரத்தில் கட்டிடமே தெருவில் நின்றது. எதிர் ஃப்ளாட் மாலதி நைட்டிமேல் துப்பட்டாவோடு வந்து, “ஏன்டி, வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் தூங்குவோம். சுண்டலோட நிறுத்தியிருக்கக் கூடாதா?” என்றாள். சிரிக்க முயன்றேன். கவினின் கை வியர்த்திருந்தது. அல்லது என்னுடையதா?

கனமான உடை போட்டவர்கள் மேலே போய், மணல் நிரப்பிய பெட்டியோடு திரும்பினார்கள். அவர்களின் அதிகாரி எங்களிடம் வந்தார். நரைத்த தாடி. முதல் கேள்வி... “அதன்மேல் சிவப்பு என்ன? ரத்தமா?”

“நோ சார். பிரேயர், சார்” என்றார் இவர்.

“இதற்கா?”

இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கே, யார் எடுத்தது என்று அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டு, எங்கள் அடையாள அட்டையான சிவில் ஐடியின் எண்களையும் குறித்துக்கொண்டார். நான் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அது பழசுதானே? எப்போதோ செத்துப்போனதுதானே?

“ஓல்ட், எஸ்” என்றார். “டெட், நோ.”

பிறகு கவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தனக்கும் அந்த வயதில் ஒரு சிநேகிதன் இருந்தான் என்றார். போர் முடிந்து, பள்ளி திறந்து, எல்லோரும் மிட்டாய் சாப்பிட்டு முடித்த பிறகு, மணலில் பளபளப்பாக ஏதோ கிடக்கிறது என்று எடுத்தானாம்.

“அவன் பேர் அந்தச் சுவர்ல இருக்கா, அங்கிள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான் கவின்.

“இல்லை. அதில் போரில் இறந்தவர்கள் மட்டும்தான்.”

அவர்கள் போய்விட்டார்கள். யாரும் எங்களை விமானத்தில் ஏற்றவில்லை. இருந்தாலும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்னும் நான் எடுப்பதில்லை. கவின் பள்ளி விட்டு வந்ததும் பையைத் தரையில் கொட்டிப் பார்க்கிறேன். நேற்று கிடைத்தது அரை சமோசா. அதையும் உற்றுத்தான் பார்த்தேன்.

புராஜெக்ட்டை இந்தத் தடவை அவனே எழுதினான். மீனவர்கள், முத்து, எண்ணெய், தீ... எல்லாம் வரிசையாக. கடைசி இரண்டு வரியை நான் சொல்லித்தரவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். தமிழில் இப்படி வரும்: ‘போர் முடிந்துவிட்டது. அதில் கொஞ்சம் என் பையில் இருந்தது.’

டீச்சர் அந்த வரிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கேள்விக்குறி போட்டு, பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும், இங்கே அது பள்ளி நாள்... அதற்கு வேறு பயமாக இருக்கிறது.